பற்றவைக்காத கீழ்முனை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

போன வாரம் இங்கே லேசான நிலநடுக்கம். பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. நான் வெல்டிங் வைத்த இரும்புப் படியில்தான் எல்லோரும் இறங்கினோம். கட்டும்போது பழக்கதோஷத்தில் அதன் கீழ்முனையையும் தரைத் தகட்டோடு கெட்டியாகப் பற்றவைத்துவிட்டேன். “மாடி ஆடுறப்ப படி நகரணும்யா, இல்லன்னா பிச்சுக்கிட்டு விழும். வெட்டி விடு!” என்று இன்ஜினியர் கத்தினார். முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். நிலநடுக்கத்தன்று அந்த முனை இரண்டு விரற்கடை நகர்ந்தது, படி விழாமல் நின்றது.

கீழே வந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போன் செய்தார்கள். என் குரலிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நான் செய்யவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பாப்பாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும், அவள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. அளவுக்கு ஒன்று போதும். இருந்தாலும் இரண்டையும் வரை. பக்கத்திலேயே உன்னுடையதையும்.

பாப்பாவின் அப்பா