ஆம்பூர் வெயிலில் ஒரு ரோமக் கோட்டு

அண்ணா,

முந்தாநாள் உன் ரோமக் கோட்டை வெயிலில் போட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை போடுவதுதான். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையையும் மீறிக்கொண்டு ஒரு வாசனை வந்தது. பழைய பெட்ரோல், ஆட்டுக் கொழுப்பு, கொஞ்சம் உன் பீடி. தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு நாற்றத்தில் பிறந்து வளர்ந்த மூக்கு என்னுடையது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரயில் ஜன்னலைச் சாத்துகிற இடத்தில் நாம் ஊர் வந்துவிட்டது என்று மூட்டையை எடுத்து வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட என்னையும் அந்த வாசனை கொஞ்ச நேரம் தரையில் உட்கார வைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு மேரியக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி கிரேஸு, ஆட்டை உரிச்சு அப்படியே தொங்கவுட்டிருக்கே? இந்த ஊர் வெயிலுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். வருஷா வருஷம் இதையேதான் சொல்வாள், நானும் சிரிப்பேன். இந்த முறை சிரிக்க வரவில்லை.

ஏனென்றால் அதற்கு முதல் நாள் மானேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். உன் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்ட அதே தோல்ஷாப்பு மானேஜர்தான். வடக்கே பனிமலையில் சீனாக்காரனோடு சண்டை அண்ணா, நீ மண்ணுக்குள் போன பிறகு வந்த சண்டை. நம் பையன்கள் குளிருக்குப் போர்த்தத் துணியில்லாமல் நிற்கிறார்களாம். ஊர் ஊராகக் கம்பளி சேர்க்கிறார்கள். இங்கே கமிட்டித் தலைவர் யார் என்று நான் சொல்லவேண்டுமா? நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அண்ணன் கிட்ட ஒரு ரோமக் கோட்டு இருந்துதே சிஸ்டர். அதைக் குடுத்தீங்கன்னா மேடையில வெச்சு நாலு வார்த்தை பேசலாம். பெரிய தேசபக்தர் அவரு" என்றார்.

தேசபக்தர்! கையிலிருந்த காப்பியை அவர் தலையில் கொட்டாமல் இருந்தேனே, அது நர்ஸ் வேலை பழக்கிய பொறுமை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பட்டாளத்திலிருந்து நீ திரும்பி வந்தது நல்ல அக்கினி வெயிலில். தோளில் டிரங்குப் பெட்டி, கைமேல் இந்தக் கோட்டு. "இத்தினி வருஷம் சண்டைக்குப் போய் இன்னாடா கொண்டாந்தே?" என்று அம்மா கேட்டாள். நீ கோட்டை விரித்துக் காட்டினாய். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையணைக்கு ஆகும் என்றாள்.

அப்புறம் கதை சொன்னாய். ஈரான் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து சாமான் இறக்கும். அதை ஏற்றிக்கொண்டு நீங்கள் மலைக்கணவாய் தாண்டி வடக்கே ஓட்டிப் போவீர்கள். அங்கே ரஷ்யாக்காரர்கள் வாங்கிக்கொண்டு போர்முனைக்குப் போவார்கள். "ஹிட்லரை ஒழிக்கறதுக்கு அமெரிக்காக்காரன் சாமான் குடுத்தான், ரஷ்யாக்காரன் ரத்தம் குடுத்தான், நாங்க நடுவுல டயர் தேய்ச்சோம்" என்பாய். துறைமுகத்தில் ஜோ என்று ஒரு அமெரிக்க மெக்கானிக். வடக்கே மீத்யா என்று ஒரு ரஷ்ய டிரைவர். ஜோ உன் லாரியின் பானெட்டில் சாக்குக்கட்டியால் ஏதாவது கிறுக்கி அனுப்புவான், கழுதைக்குத் தொப்பி வைத்த மாதிரி. மீத்யா அதைத் துடைத்துவிட்டு வேறொன்று வரைந்து அனுப்புவான். பாஷை தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நீ தபால்காரன்.

ஒரே ஒரு தடவை ஜோவும் உன்னோடு மலையேறி வந்தான். பனி கொட்டிக்கொண்டிருக்க, மூன்று பேரும் லாரிப் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே மக்கில் டீ குடித்தீர்கள். உன் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து மீத்யா தன் கோட்டைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டான். பதிலுக்கு நீ இடுப்பிலிருந்த ஆம்பூர் பெல்ட்டை அவிழ்த்து அவனுக்குக் கட்டிவிட்டாய். தூரத்திலிருந்து அவனுடைய ஆபீசர் "மல்ச்சீ!" என்று கத்தினான். வாயை மூடு என்று அர்த்தமாம். அந்நிய ஆளோடு சிரித்துப் பேசினால் அந்த ஆபீசருக்கு ஆகாது. மீத்யா வாயை மூடிக்கொண்டு கண்ணடித்தானாம்.

"ரெண்டு பேரும் கையைப் புடிச்சுகினு நின்னானுங்க பாப்பா. என் கண்ணால பார்த்தேன். இனிமே இந்த உலகத்துல எவன் சண்டை போடப் போறான்?" என்று கேட்டாய். நானும் நம்பினேன். கல்யாணமாகாத இருபது வயதுப் பெண், அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு அப்போது ஊரில் கிராக்கி. தோல்ஷாப்பு லாரி உன் கைக்கு வந்தது. பதனிட்ட தோலை மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவாய். ஸ்டியரிங்கில் கை வைத்தால் உன் முகமே வேறு. சம்பளம் கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டி இருந்தால் போதும் என்பாய்.

சாயங்காலத்தில் நான் பேப்பர் படிப்பேன், நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்பாய். ஜெர்மனியைக் கூறு போட்டுக்கொண்டார்கள் என்று படித்தேன். ஆளுக்கொரு பக்கம் தேசங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். அணுகுண்டு அமெரிக்காவிடம் மட்டும் இருந்தது, இப்போது ரஷ்யாவிடமும் வந்துவிட்டது என்று படித்தேன். முதலில் பேப்பர்காரன் புளுகுகிறான் என்றாய். பிறகு நீயே ஒரு நாள், "பங்காளிச் சண்டைதான் பாப்பா. பொது எதிரி இருக்கற வரைக்கும் ஒண்ணா நின்னானுங்க. அவன் பொணத்தை எடுக்கறதுக்குள்ள வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பறானுங்க" என்றாய். பெரிய பெரிய மேதைகள் ரேடியோவில் மணிக்கணக்காகப் பேசியும் எனக்கு இதற்கு மேல் புரிந்ததில்லை.

அந்தச் சுவர் நம் வீட்டு நடுக்கூடத்துக்கும் வரும் என்று நாம் நினைக்கவில்லை.

கரீம் பாய் டீக்கடைக்கு ஒரு நாள் இந்தக் கோட்டைக் கொண்டுபோனாய். ஆம்பூரில் ஒரு தோலைக் காட்டினால் சும்மா பார்த்துவிட்டு விடுவார்களா? ஒருவர் மடிப்பார், ஒருவர் மோப்பம் பிடிப்பார், ஒருவர் காதருகே வைத்துக் கசக்கிச் சத்தம் கேட்பார். கரீம் பாய் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, "யா அல்லா, இன்னா பதம் தோஸ்த் இது!" என்றார். நீ பெருமையாக, "ரஷ்யாக்காரன் பதம் பாய். அவன் கிட்ட நம்ம ஆளுங்க கத்துக்கணும்" என்றாய். நீ பேசியது அவ்வளவுதான், அதுவும் தோலைப் பற்றி. நம் ஊரில் எவன் எதைப் பேசினாலும் கடைசியில் தோலைப் பற்றித்தானே பேசுவான்!

ஆனால் அது சிவப்புக் கட்சிக்குத் தடை போட்டிருந்த காலம். தோல்ஷாப்பில் கூலிக்காக வேலை நிறுத்தம். இன்ஸ்பெக்டர் வந்து, தூண்டிவிடுகிறவன் யார், ஒரு பெயராவது சொல் என்று மானேஜரை நெருக்கியிருக்கிறார். உண்மையான சங்கத்து ஆள் பெயரைச் சொன்னால் நாளைக்குத் தன் வீட்டு ஜன்னல் உடையும் என்று மானேஜருக்குத் தெரியும். கேட்க நாதியில்லாதவன் நீ. ரஷ்யாக் கோட்டு வைத்திருக்கிறான், ரஷ்யாவிடம் கற்றுக்கொள்ளணும் என்று டீக்கடையில் பேசுகிறான் என்று உன் பெயரைக் கொடுத்துவிட்டார்.

உன்னையும் கூட்டிப்போனார்கள், கோட்டையும் எடுத்துப்போனார்கள். நீ முகம் வீங்கித் திரும்பி வந்தாய். கோட்டுக்குச் சேதமில்லை. மானேஜர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "துறைமுகத்துக்குப் போற வண்டிப்பா. சிவப்பு ஆளை நம்பிக் குடுக்க முடியாது" என்றார். அதற்கப்புறம் பேர்ணாம்பட்டு முதல் வாணியம்பாடி வரை ஒரு முதலாளியும் உனக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன தோல்ஷாப்பில், தோலில் மயிர் கழிய ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினாய். ஈரான் கணவாயில் பல்லுக்குப் பல் தட்டாமல் கியர் மாற்றிய கை அது. சுண்ணாம்பில் வெந்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாகி வந்தது. நான் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து களிம்பு கொண்டுவந்து போடுவேன். டப்பாவில் அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எழுதியிருக்கும். "ஜோ அனுப்பிச்சிருக்கான்" என்று சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு கொரியாவில் சண்டை வந்தது. பூட்ஸுக்குத் தோல் வேண்டும் என்று உலகமே அலைந்தது, ஆம்பூரில் தோல் விலை ஏறியது. மானேஜர் மாடி கட்டினார். யார் வீட்டுப் பிள்ளைகளோ செத்த சண்டையில் நம் தெருவில் வெடி வெடித்து போனஸ் கொண்டாடினார்கள். நீ அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாய்.

இன்னும் சில வருஷம் போனது. காற்று மாறியது. டெல்லிக்கும் ரஷ்யாவுக்கும் சிநேகம் பழுத்து, தோல் வாங்க ரஷ்யாக்காரர்களே ஆம்பூருக்கு வந்தார்கள். அப்போதுதான் மானேஜருக்கு உன் நினைவு வந்தது. உன்னைத் தேடி வந்து, "நாலு வார்த்தை அவங்க பாஷை தெரியுமில்ல உனக்கு? கோட்டைப் போட்டுகினு வந்து மாலை போடு. வந்தவங்க சந்தோஷமா போனாங்கன்னா, கர்த்தர் மேல ஆணை, ஸ்டியரிங் உனக்குத்தான்" என்றார். அவர் கும்பிடுகிற சாமி வேறு. நமக்காகக் கர்த்தர் மேல் ஆணையிட்டார். நீ அதையும் நம்பினாய்.

விருந்தாளிகளுக்கு வெயில் தாங்காமல் மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸைக் கேட்டிருந்தார்கள். மருந்துப் பெட்டியோடு நான்தான் நின்றேன். வந்தவர்கள் மெல்லிய சட்டையில் சௌகரியமாக இருந்தார்கள். பங்குனி வெயிலில், ரோமக் கோட்டுக்குள், ரோஜாமாலையோடு நின்று வேர்த்துக் கொட்டியது என் அண்ணன் ஒருவனுக்குத்தான். மயக்கம் வந்தால் உன்னைத்தான் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர்களில் வயதான ஒருவர் தோல் நிபுணர். உன் கோட்டைப் பார்த்ததும் கிட்டே வந்தார். நம் ஊர்க்காரர்கள் மாதிரியே கட்டைவிரலால் தேய்த்தார், மோந்தார், உள்பையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கூட வந்தவர் அதை இங்கிலீஷில் சொன்னார், எனக்குப் புரிந்தது. இது எங்கள் தோல் இல்லை, அமெரிக்காவில் பதனிட்டு அமெரிக்காவில் தைத்தது, போர்க்காலத்தில் லாரிகளோடு எங்கள் டிரைவர்களுக்கென்று அனுப்பினார்கள் என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நீயும் சிரித்தாயே அண்ணா, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் பதத்தைப் புகழ்ந்ததற்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தாயோ, அது ரஷ்யாக்காரனுடையதே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் நீ அவரிடம் கேட்டுவிட்டாய். "மீத்யா... டிரைவர்... ஈரான். தெரியுமா? நல்லா கீறானா?" கிழவர் கை கோட்டிலிருந்து சட்டென்று விலகியது. பக்கத்தில் நின்ற இன்னொரு ரஷ்யாக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார். எங்கள் தேசம் பெரியது என்று மட்டும் பதில் வந்தது. மானேஜர் முகம் கறுத்தது. புறப்படும்போது கிழவர் உன் புண்பட்ட கையை இரண்டு கையாலும் பிடித்து, உதடு அசையாமல் ஒரு சொல் சொன்னார். வண்டி போன பிறகு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மல்ச்சீன்னாரு பாப்பா."

ஸ்டியரிங் வரவில்லை. விருந்தாளியிடம் வேண்டாத கேள்வி கேட்டவனுக்கு வண்டியா என்று மானேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். நீ அதைக் காதில் வாங்கவேயில்லை. கோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அது சர்க்கார் கோட்டு. குளிர்ல வெறும் சட்டையோட போய் நின்னிருப்பான் மீத்யா. கோட்டு எங்கடான்னு கேட்டிருப்பாங்க இல்ல? இடுப்புல ஏதுடா வேத்தாள் பெல்ட்டுன்னு கேட்டிருப்பாங்க இல்ல?" என்றாய். அதற்குப் பிறகு இருமலோடு நீ படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களிலும் கேட்டது அதைத்தான். உன் சாவியைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

நீ பேசவில்லை என்பதற்காக நான் மறந்துவிடுவேனா?

இன்று காலை கோட்டை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்கு ரயிலேறினேன். பட்டாள ஸ்பெஷல் அங்கே நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பெட்டி பெட்டியாகப் போய், "லாரி டிரைவர் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் குடியாத்தத்துப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கோட்டை வாங்கியதும் அவனும் கட்டைவிரலால் உள்பக்கத்தைத்தான் தேய்த்தான்.

"யார் பதம்க்கா இது?" என்றான்.

"அமெரிக்காக்காரன் தைச்சான், ரஷ்யாக்காரன் போட்டான், எங்க அண்ணன் பட்டான்" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டி ஊதிவிட்டது. "யார் கேட்டாலும் ஆம்பூர்க்காரி குடுத்தான்னு மட்டும் சொல்லு, கோட்டைப் பத்தி வேற ஒண்ணும் பேசாதே" என்று ஓடிக்கொண்டே கத்தினேன். கத்தின பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிழவர் உனக்குச் சொன்னதையே நானும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தபோது வாசலில் மானேஜர் நின்றிருந்தார், மேடைக்கு நேரமாகிறது என்று. கோட்டு போய்விட்டது என்றேன். எங்கே என்று கேட்டார். கதவைச் சாத்தினேன். உன்னைப் போல எல்லாவற்றுக்கும் சிரிக்க எனக்கு வராது அண்ணா. கோட்டைக் கொடுத்துவிட்டேன். கோபத்தை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பாப்பா