மூன்றாவது அறையில் அப்பா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முதலியார்பேட்டை முழுக்கச் சேறு, செருப்பு வார் அறுந்தது. கடையில் இன்றைய வேலை: மஞ்சள் நீராட்டு பேனர் ஒன்று. கண்ணீர் அஞ்சலி இரண்டு. ஒயிட் டவுன் காபி கடைக்கு மெனு கார்டு.

காபி கடை மேடம் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். சென்னையில் ஏதோ பாப் ஆர்ட் கண்காட்சி, கம்ப்யூட்டரிலேயே உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாமாம். "இந்த ஸ்டைல்ல வேணும் சுமதி, நல்லா கலரா." முதலாளி பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "நாம தெனம் அடிக்கிறதே இதாம்மா. இதுக்கு இன்னாத்துக்கு எக்ஸிபிசன்?" என்றார்.

தரையில் அம்புக்குறி. அழுத்தினால் நாமே நடப்பதுபோல் நகர்கிறது. ஒரு ஆள் இல்லை உள்ளே. முதல் அறையில் சோப்பு உறை, தீப்பெட்டி, ரேஷன் கார்டு, எல்லாம் சுவர் உயரத்துக்கு. இரண்டாவதில் குக்கர். நாற்பது குக்கர்! சிரித்தேன்.

மூன்றாவது அறை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. ஊர் ஊராகச் சுவர் போஸ்டர்களைப் படம் எடுத்துச் செய்ததாம். ஒரே முகம் நாலு தடவை, ரோஸ், நீலம், மஞ்சள், பச்சை. பேர் ஊர் எல்லாம் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். நம் தொழிலும் கேலரிக்குப் போய்விட்டதே என்று கொஞ்சம் பெருமைகூட. மூன்றாவது படம் வரைக்கும்தான்.

மூன்றாவது படம் அப்பா.

மெனு கார்டு முடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

நேற்று அப்பா என்று எழுதிவிட்டேன். இன்று பார்த்தால் சந்தேகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு லாரி ஓட்டப் போனவர். முதல் சில மாதம் போன் வந்தது, பிறகு ஸ்விட்ச் ஆஃப். அவ்வளவுதான்.

படத்தில் கழுத்தடியில் கோட்டுக் காலர் தெரிகிறது. அப்பா கோட்டு போட்டவர் இல்லை. ஆனால் அது கணக்கில்லை. செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவது நாங்கள்தான். தலையை வெட்டி, ரெடியாக இருக்கும் கோட்டு உடம்பில் ஒட்டுவோம். நானே எத்தனை பேருக்கு மாட்டியிருக்கிறேன்.

பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் மறுபடி உள்ளே போனேன். அம்பு, அம்பு, அம்பு. பெரிதாக்கினேன். கட்டிங் சரியில்லை, எவனோ அவசரத்தில் வெட்டியிருக்கிறான். வலது காதை ஒட்டி ஏதோ வெட்டுப்படாமல் நிற்கிறது. சின்னச் சின்னதாக, வளைவாக.

அது மல்லிகைப்பூ. அம்மா தலையில் வைத்திருந்தது. நான் பன்னிரண்டாவது படித்தபோது ஸ்டுடியோவில் மூன்று பேரும் எடுத்த படம். பெரியது எங்கள் வீட்டுச் சுவரில். சின்ன காப்பி அப்பாவின் பர்சில்.

 பாய் வருவதற்குள் பக்கத்தை மூடிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

பயம் எதற்கு என்று எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் குறையுமா என்று.

1. அப்பா செத்துவிட்டார்.
2. அம்மாவுக்குத் தெரியாது.
3. போஸ்டரின் அடியில் யார் பேர்?

மூன்றாவதுதான் தூங்க விடவில்லை. அடியில் பேர் இல்லாத கண்ணீர் அஞ்சலி கிடையாது. மனைவி இன்னார், மக்கள் இன்னார். போன வருஷம் ஒரே ஆளின் போட்டோவைக் கொண்டுவந்து இரண்டு பொம்பளைகள் கடையில் கட்டிப் புரண்டது மறக்குமா? "நான்தான்யா பொண்டாட்டி, எம் பேரப் போடு." பாய் ஷட்டரை இறக்கிவிட்டார்.

ஒன்பது வருஷம். ஒரு மனுஷனுக்கு இன்னொரு குடும்பம் ஆக அதில் பாதி போதும்.

கேலரிக்கு மெயில் எழுதினேன். நான் ஒரு டிசைனர், அந்தப் போஸ்டரின் முழுப் படம் கிடைக்குமா என்று. அனுப்பவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. அம்மா தலைக்குக் குளித்து, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, குங்குமம் வைத்துக்கொண்டு மீன் கூடையோடு கிளம்பினாள். வெள்ளி தவறாமல் செய்வதுதான். இன்று என்னால் பார்க்க முடியவில்லை. சொன்னால் இதை எல்லாம் நான்தான் அழித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் தினம் இதைப் பார்க்கவேண்டும்.

"இன்னாடி மூஞ்சி அப்டி கீது? நேத்தும் சோத்த அப்டியே வெச்சிட்ட."

"வேல ஜாஸ்திம்மா."

"வேல எங்க போவுது? துன்னுட்டுப் போ."

மெயிலை அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 8, சனி

பதில் இல்லை. மேடத்தின் மெனு கார்டு ரெடி. ஃபில்டர் காபி நாலு கலரில். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் அதை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உன் வூட்டுக்காரரு எதுனா தகவல் உண்டா அஞ்சல?" நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எதற்கு இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறாள்? வேறு யாராவது பார்த்தார்களா? லிங்க் யார் வேண்டுமானாலும் திறக்கலாமே. அம்மா வஞ்சிரம் விலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

பதில் வந்தது. திண்டிவனத்தில் ஒரு சுவரில் போன வருஷம் எடுத்த படமாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். என்ன எழுத?

முழுப் போஸ்டர். அமரர் கலியபெருமாள். அப்பா பேர்தான். பேருக்குக் கீழே இருந்த தேதி, அடியில் போட்ட பேர்கள் எல்லாவற்றின் மேலும் ஒரு டியூஷன் விளம்பரத்தை ஒட்டித் தொலைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டிய இடத்தில்தான் ஒட்டவேண்டுமா?

ஆனால் ஓரத்தில் அச்சடித்த கடையின் போன் நம்பர் தப்பித்திருக்கிறது. இரண்டு முறை போனை எடுத்து, கூப்பிடாமல் வைத்துவிட்டேன். நாளைக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

கனமழை. பள்ளிக்கூடம் எல்லாம் லீவு. கடைக்கு ஆள் வரவில்லை. பதினோரு மணிக்குப் பேசினேன்.

"நானும் டிசைனர்தாங்க, புதுச்சேரி. ஒரு பழைய கண்ணீர் அஞ்சலி ஃபைல் வேணும். கலியபெருமாள்னு பேரு."

"போன வருசமா? இருங்க, டெத் ஃபோல்டர்ல பாக்குறேன். எதையும் அழிக்க மாட்டோம்." யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்தது. அரை மணி நேரம் திறக்கவில்லை. பேனர் ஓரத்தில் கயிறு கட்டும் வளையம் அடித்தேன், தேவையில்லாத பேனருக்கு. பிறகு நின்றபடியே திறந்தேன்.

மறைவு, போன வருஷம் ஆடி மாதம்.

கண்ணீருடன்: மனைவி அஞ்சலை, மகள் சுமதி மற்றும் லாரி செட் நண்பர்கள்.

படத்துக்குக் கீழே கடைக்காரர் எழுதியிருந்தார்: "கூட ஓட்டுன டிரைவருங்க வந்து அடிச்சாங்க. வூட்டு அட்ரஸ் யாருக்கும் தெரியல, பாண்டி பக்கம்னு மட்டும் சொன்னாங்க. பொண்டாட்டி, பொண்ணு பேரு மட்டும் நல்லா தெரிஞ்சுது. வூட்டு ஆளுங்க பேரு இல்லாம அடிக்காதீங்கன்னு ஒரே புடியா நின்னாங்க."

வேறு பேர் இல்லை. முதலில் வந்தது நிம்மதி. அப்பா செத்த செய்தியைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்தவள் நான். அப்புறம்தான் அழுகை. பாய் டீ வாங்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார், மழையில்.

பதினைந்து மாதமாகத் திண்டிவனத்துச் சுவரில் நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்திருக்கிறோம். எப்படிச் சொல்வேன்? அம்மாவுக்குப் பிரஷர் வேறு.

நவம்பர் 12, புதன்

சொல்லிவிட்டேன். அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து, மிச்சமான சங்கராவை அரிவாள்மனையில் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், கண்காட்சி, மூன்றாவது அறை, திண்டிவனம். பாதியில் நின்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கத்துவாள், மயங்கி விழுவாள் என்று மாத்திரையைக் கையிலேயே வைத்திருந்தேன். விழவில்லை.

"எப்போ?"

"போன வருசம் ஆடிம்மா."

கையில் இருந்த மீனை முடித்தாள். கழுவினாள். சட்டியில் போட்டாள்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"தெரிலம்மா. கூட வேல செஞ்சவங்களா இருக்கும்."

அரிவாள்மனையைக் கழுவிச் சுவரில் சாய்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அடில யாரு பேரு போட்டுக்கீது?"

அப்போதுதான் புரிந்தது. நான் ஒரு வாரமாகப் பயந்ததை அவள் ஒன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

போனைக் காட்டினேன், பெரிதாக்கி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட தன் பேர் ஒன்று மட்டும் தெரியும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து தேடினாள். கண்டுபிடித்தாள். அதன் மேல் விரலை வைத்தாள்.

விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது. பேர் போய்ப் பூமாலை வந்தது.

"எங்கடி போச்சு?" என்றாள், பதறி. "தோ, இங்கதான இருந்திச்சு. திருப்பி எட்றீ."