கால் அங்குலம் குட்டை

மில்வாக்கி, 3 அக்டோபர் 1958

அன்புள்ள ஆர்வில்,

அக்கா வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே தொழிற்சாலை ஜன்னல்கள் எல்லாம் சுவரில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. நம் சமையலறைக்கு நீங்கள் அளந்து வரவழைத்தது மட்டும் பெரிதாக இருந்ததற்குக் காரணம் தொழிற்சாலை அல்ல. "டெஷ் மரவாடி: எங்கள் அளவு தப்பாது" என்று அச்சடித்து நீங்கள் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்த கஜக்கோல் கால் அங்குலம் குட்டை. பதினோரு வருடமாகச் சொல்கிறேன். ஊரே அதை வைத்து அளக்கிறது, நீங்களும் அதை வைத்தே மரம் அறுக்கிறீர்கள். அதனால் உள்ளூரில் எல்லாம் பொருந்திவிடுகிறது. வெளியூர்ச் சாமான் வந்தால்தான் குட்டு உடைகிறது.

கடையில் அத்தனை பேர் முன்னால், "வெர்னாவுக்குக் கண்ணு போச்சு" என்றீர்கள். அதே ஆட்கள் முன்னால் கோல் தப்பு என்று சொல்லுங்கள். அதுவரை வரமாட்டேன். கம்பளி உள்சட்டை மேல் இழுப்பறையில் இருக்கிறது.

வெர்னா


9 அக்டோபர்

என் வெர்னாவுக்கு,

கோல் சரியாகத்தான் இருக்கிறது. ஜன்னல்தான் கொழுத்துப்போய் வந்திருக்கிறது. ஓட்டையில் போர்வை தொங்கவிட்டிருக்கிறேன். சூப் வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. உள்சட்டை கிடைக்கவில்லை.

ஆர்வில்


13 அக்டோபர்

மேல் இழுப்பறை. இடது பக்கம்.

வெ.


20 அக்டோபர்

என் வெர்னாவுக்கு,

இன்று கடையில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "கேளுங்கப்பா, நம்ம கோல் கால் அங்குலம் குட்டை. வெர்னா சொன்னதுதான் சரி."

 பால்பண்ணை ஹில்மர், "பாவம்யா, தானே சமைச்சுச் சாப்பிட்டா மூளை இப்படித்தான் ஆகும்" என்றான். "என் கொட்டகையே இந்தக் கோல்ல அளந்து கட்டினது. தப்புன்னா கதவு எப்படிய்யா மூடுது?"

பாதிரியார் என் தோளில் தட்டினார். "பொண்டாட்டி திரும்பி வரணும்னா நானும் எதை வேணா ஒத்துப்பேன், ஆர்வில்."

சரியான கோல் ஐந்நூறு செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். பழையதை ஒருவரும் தரமாட்டார்களாம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். வீடு நன்றாக இல்லை.

ஆர்வில்


24 அக்டோபர்

அன்புள்ள ஆர்வில்,

நீங்கள் சொன்னது எனக்குப் போதும். ஆனால் ஊர் இன்னும் என் கண்ணைத்தான் சந்தேகப்படுகிறது. அதை அப்படியே விட்டுவிட முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். இரும்பு டேப் ஒன்று வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை காலை ஹில்மரின் கொட்டகையை அளக்கப் போகிறோம். பாதிரியாரையும் வரச் சொல்லுங்கள்.

டேப்பின் மறுமுனையை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் வெர்னா