வதிவிடம் மினசோட்டா

இன்று காலை மீன் வாங்கப் போனேன். ஸ்காபரோவில் நான் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில் உன் முகம் இன்னும் ஒட்டியிருக்கிறது. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தும் அந்த மரண அறிவித்தலை ஒருவரும் கழற்றவில்லை. ஒரு பக்கம் நடனப் பள்ளி விளம்பரம், மறுபக்கம் பேஸ்மென்ற் வாடகைக்கு. நடுவில் நீ, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கோட்டுப் படத்தில். கீழே, 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பொய்யைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஸ்காபரோவில் நீ எப்போதடா இருந்தாய்? ரொறொன்ரோ நகரின் நடுவே, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் நீயும் நானும் மெத்தை போட்டுப் படுத்தோம். பிறகு நீ ட்ரக் ஓட்டப் போனாய். ஒரு பனிக்காலம் அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரில், ட்ரக் பழுதாகி நின்றாய். ட்ரக்கைத் திருத்திக்கொண்டு ஒருதரம் வந்தாய், கணக்கு முடித்துக்கொண்டு திரும்பவும் அங்கேயே போய்விட்டாய். அங்கேயே வேலை, அங்கேயே வீடு, அங்கேயே லிண்டா. இருபது வருடம்.

உன்னைப் பற்றி விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அங்கை எங்கட ஆக்கள் இருக்கினமோ?" இல்லை என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். "பிறகு என்னத்துக்கு அங்கை கிடக்கிறான்?" மினசோட்டா கிழக்கிலா மேற்கிலா என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அது மனிசர் இருக்கும் இடமல்ல என்பதில் எல்லாருக்கும் ஒரே உறுதி.

நான் ஒரு மாசி மாதம் உன்னிடம் வந்தேனே. ரொறொன்ரோக் குளிரைப் பெரிதாக நினைத்திருந்தவன் நான். உன் ஊரில் மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. இயந்திரம் விறைத்துப்போகாமல் இருக்கக் காரைக்கூட இரவில் மின்சாரத்தில் செருகி வைத்தீர்கள். உறைந்துபோன ஒரு சின்ன ஏரியின் மேல் என்னை நடத்திக்கொண்டு போனாய். நடு ஏரியில் மரக் கொட்டில்கள். உள்ளே அடுப்பு, பனிக்கட்டியில் ஒரு துளை, துளைக்குள் தூண்டில். நான் கரைப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "பயப்பிடாதை மச்சான், இதுக்கு மேலை ட்ரக்கே ஓடும்," என்று சிரித்தாய். பிறகு சுப்பீரியர் கரைக்குக் கூட்டிப்போனாய். அக்கரை தெரியவில்லை. "முதல் நாள் கடல் எண்டுதான் நினைச்சன். குடிச்சுப் பாத்தன், உப்பில்லை. அண்டைக்கே இஞ்சை இருக்கிறது எண்டு முடிவெடுத்திட்டன்," என்றாய்.

அன்று மாலை லிண்டாவின் தாயார் வீட்டில் கேக் தந்தார்கள். நான் கையை நீட்டப் போக, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாய். "பொறடா. முதல்தரம் வேண்டாம் எண்டு சொல்லு. ரெண்டாந்தரமும் சொல்லு. மூண்டாந்தரமும் கேப்பினம், அப்ப எடு. இஞ்சை அதுதான் மரியாதை." அப்படியே நடந்தது. விடைபெற்ற பிறகும் வாசலில் ஒரு கதை, படியில் ஒரு கதை, காரடியில் இன்னொரு கதை. "எங்கட சனந்தான் மச்சான். பனிக்குள்ளை பிறந்திட்டினம், அவ்வளவுதான்," என்றாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் ரொறொன்ரோவில் ஒருநாளும் கண்டதில்லை.

உன் அண்ணையின் மகனுடைய கல்யாணத்துக்கு நீ தனியாகத்தான் வந்தாய். அழைப்பிதழில் உன் பெயர் மட்டும் இருந்தது. "அவளுக்கு லீவு இல்லை," என்று எல்லாருக்கும் பொய் சொன்னாய். மறுநாள் அண்ணை வீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். லிண்டாவுக்கு நான்தான் போன் எடுத்தேன். அவளுடைய இலக்கம் அந்த வீட்டில் ஒருவரிடமும் இருக்கவில்லை.

அறிவித்தல் எழுத அண்ணை என்னைத்தான் கூப்பிட்டார். மினசோட்டாவை வதிவிடமாகவும் என்று எழுதினேன். லிண்டாவின் அன்புத் துணைவரும் என்று எழுதினேன். இரண்டையும் வெட்டினார். "தாலி கட்டினவனோ? உதையெல்லாம் போட்டால் சனம் என்ன கதைக்கும்? ஸ்காபரோ எண்டு போடு தம்பி."

"அண்ணை, அவன் இருபது வருசம் இருந்த இடம்."

"இருந்தவன்தான். ஆரைக் கேட்டு இருந்தவன்?"

லிண்டா பனிக்குள் ஏரியைச் சுற்றிக் கார் ஓட்டி வந்து, மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தாள். தகனம் முடிந்து அண்ணை வீட்டில் சாப்பாடு. சாப்பிடுகிறாயா என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, தாங்க்ஸ்," என்றாள். அவர் கையில் எடுத்த தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்கள், "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கெஞ்சினார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாந்தரம் யாராவது கேட்பார்கள் என்று நிமிர்ந்து இருந்தாள். நான் போய்க் கேட்டேன். மறுத்தாள். திரும்பவும் கேட்டேன். தட்டை வாங்கியதும் அழுதுவிட்டாள்.

உன் அஸ்தியில் ஒரு பிடி கேட்டாள், சுப்பீரியரில் கரைக்க. அண்ணையிடம் சொன்னேன். "பாப்பம்," என்றார். அந்தியேட்டி அன்று முழுவதையும் இங்கே ஒன்ராறியோ ஏரியில் கரைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "லேக் லேக்தானே தம்பி. எல்லாம் ஒரே தண்ணி."

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அந்தக் குளிருக்குப் பயப்படாத நீ அண்ணைக்குப் பயந்தாய். இவள் என்ர மனுசி என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருதரம் சொல்லியிருக்கக் கூடாதா? உன் வாயால் நீ சொல்லாததை, நீ செத்த பிறகு நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

மத்தியானம் லிண்டாவுக்குப் போன் எடுத்தேன். அஸ்தியைக் கரைத்துவிட்டார்கள் என்றேன்.

"எந்த ஏரியில்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் நாளைய காலநிலையைச் சொல்வது போலச் சொன்னாள். "எங்களுடையதுதான் மேலே இருக்கும் ஏரி. இங்கே விட்டிருந்தால் ஹியூரன், ஈரி, நயாகரா என்று இறங்கி, எவ்வளவு காலம் எடுத்தாலும் உங்களிடமும் வந்திருப்பான். உங்களுடையது கடைசி ஏரி. அங்கிருந்து இங்கே வர வழியில்லை."

நீ எங்கள் கரையைத் தாண்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாய், மச்சான். உன் வாய் அண்ணையிடம் சொல்லாமல் விட்டதால், எந்த ஏரியில் என்று அவளுக்குச் சொல்ல வேண்டி வந்த வாய் என்னுடையது.