இருபத்தாறு பேரின் கனிவான பார்வைக்கு

நாள் 407. காலை 09:10

செவ்வாய் கிரகம், மூன்றாம் நிலையம். எழுதுபவர்: குற்றாலலிங்கம், சர்வர் பொறுப்பு. காற்றழுத்தம் சரி. டிஸ்க் 81 சதவீதம்.

நிலையத்தில் இருப்பது ஒரே சர்வர். கதவு திறப்பதானாலும் அதில் முதலில் ஒரு வரி பதிவாக வேண்டும்; பிறகுதான் திறக்கும். இதை வடிவமைத்தவர் நிச்சயம் ஏதோ ஆபீசில் ரெக்கார்டு கீப்பராக இருந்தவர். டிஸ்க் நிறைந்தால் பதிவு இல்லை, கதவும் இல்லை. அதனால் பூமியிலிருந்து உத்தரவு: "டிஸ்க் ரொம்புறதுக்கு முன்னாடி எங்களுக்கு மெயில் வந்தாகணும். ஏற்பாடு பண்ணுங்க."

பண்ணினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைப் பார்க்கும். 90 தாண்டினால் மெயில் அனுப்பும். இருபது வரி ஸ்கிரிப்ட்.

நாள் 407. மாலை 17:30

ஸ்கிரிப்டுக்கு அரை மணி நேரம். சிசியில் யார் யாரைப் போடுவது என்பதற்கு மீதி நாள் முழுக்க.

போன வருடம் ஒரு துணை இயக்குநரின் பெயரை விட்டுவிட்டு மூன்று வாரம் விளக்கக் கடிதம் எழுதினேன். இந்த முறை இருபத்தாறு பேரும் உண்டு, பதவி வரிசைப்படி. "தங்கள் கனிவான பார்வைக்கு" உண்டு. ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மெயிலோடும் முழுப் பதிவேட்டையும் இணைத்தேன். கண் எரிகிறது.

நாள் 410. காலை 08:00

பூமிக்கும் எங்களுக்கும் நடுவே சூரியன் வந்துவிட்டது. பதினான்கு நாள் தொடர்பு கிடையாது.

இங்கே இருப்பது நாங்கள் இரண்டே பேர். மற்றவள் மெஹருன்னிசா, மேலப்பாளையத்துக்காரி, பாறை ஆராய்ச்சி. வண்டியெடுத்துக் கிளம்பிவிட்டாள். ரேடியோவில் சொன்னது: "அண்ணே, நான் வர ரெண்டு நாளாவும். ஸ்கிரீனையே பாத்துட்டு இருக்காம நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஒங்க மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

காய்ச்சல் அடிக்கிறது. மாத்திரை போட்டுப் படுக்கிறேன்.

நாள் 412. பகல் 13:50

நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் படுக்கையிலேயே போயிருக்கிறது. டிஸ்க் 100.

நடந்தது இதுதான். நேற்று 90 தாண்டியதும் ஸ்கிரிப்ட் மெயில் அனுப்பியது. தொடர்பு இல்லாததால் அது வெளியே போகாமல் இதே டிஸ்க்கில் காத்திருந்தது. பத்து நிமிடத்தில் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு பிரதி, ஒவ்வொரு பிரதியிலும் முழுப் பதிவேடு. இடமில்லை, இடமில்லை என்று சொல்லியே இருந்த இடத்தையும் தின்றுவிட்டது. தப்பு என்னுடையது.

மெயில்களை அழிக்கச் சொன்னேன். "அழிப்பதைப் பதிவு செய்ய இடமில்லை" என்கிறது. ஸ்கிரிப்டை நிறுத்தச் சொன்னேன். "நிறுத்துவதைப் பதிவு செய்ய இடமில்லை." மின்சாரத்தைத் துண்டித்தால் கதவு ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும்.

நாள் 412. பகல் 14:35

மெஹர் வந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நிற்கிறாள். வண்டியில் காற்று தீர்ந்துவிட்டது. உடையில் இருப்பது 15:20 வரை.

"அண்ணே, கதவு இடமில்லைங்குது. என்ன, உள்ள யாருக்கும் வாடகைக்கு விட்டுட்டியளா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி. அழுவாதீங்க. என்ன வழின்னு பாருங்க."

பதிவில்லாமல் அழிக்கக் கூடியது என் சொந்தக் கோப்புறை மட்டும். பழைய நாட்குறிப்புகளை அழித்து அந்த இடத்தில்தான் இதையே எழுதுகிறேன். மீதி இருப்பது இந்தச் சில பக்கங்களும், மகள் உலகம்மாளின் குரல் பதிவுகள் நானூறும். அவை ஒரே கோப்பாக இருக்கின்றன; அழிய அரை மணி நேரமாகும்.

நாள் 412. பகல் 15:12

குரல்களை அழித்தேன்.

கடைசி ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று நின்றேன். "யப்பா, முன்பல்லு விழுந்துட்டு!" என்று சிரிக்கிறாள். இரண்டாம் முறையும் கேட்டேன். அழித்து முடிக்கையில் 15:10-க்கு இரண்டே நொடி. "அமுக்கு" என்று கத்தினேன். மெஹரின் மரத்த விரல் கதவுப் பொத்தானைத் தொடுமுன் ஸ்கிரிப்ட் விழித்து, கிடைத்த இடம் அத்தனையையும் மெயிலால் நிரப்பிவிட்டது.

"அண்ணே, இன்னொருக்கா பாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

நாள் 412. பகல் 15:16

மிச்சம் இந்தப் பக்கங்கள்தான். இவற்றை முதலிலேயே அழித்திருக்க வேண்டும். கதவுக்கு ஒரு வரி இடம் போதும். விசாரணை வந்தால் என் பக்கத்தைச் சொல்ல இது வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன். இப்போதும் நான்கு நிமிடம் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அழிக்கச் சொல்லிவிட்டேன். "நாட்குறிப்பு முக்கிய ஆவணம். மனம் மாறினால் ரத்து செய்ய இரண்டு நிமிட அவகாசம்" என்கிறது. 15:18-க்கு அழியும். அதுவரை கைக்கு வேறு வேலை இல்லை, எழுதுகிறேன்.

பொத்தானிலிருந்து விரலை எடுக்காதே என்று சொன்னேன். "எடுக்கல" என்றாள். இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது.

இதை யாரும் வாசிக்கக் கூடாது. நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால் இது அழியவில்லை. கதவும் திறக்கவில்லை.