தேத்தண்ணிக்குப் போன நேரம்

மல்கிரேவ்
வியாழக்கிழமை

அன்புள்ள சிவாஜினி அக்காவுக்கு,

எல்லாரும் சுகம், ஆனால் வீட்டில ஒருத்தரும் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. போனில சொன்னால் நடுவில குறுக்கிடுவாய். அதுதான் எழுதுறன்.

கபிலன் அண்ணாவின்ர வேலையிடத்துக்குப் போன மாதம் ஒரு ஆள் மணிக்கூட்டோட வந்தவர். அண்ணா எவ்வளவு கெதியாய் பெட்டி ஒட்டுறார் எண்டு அளக்க. மற்றவையின்ர வேகத்தில எத்தனை பங்கோ, சம்பளமும் அத்தனை பங்குதான். அன்றைக்கு நான்தான் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனனான்.

நாலு பெட்டி ஒட்டினார். பிறகு எழும்பிப் போயிட்டார். எங்க எண்டு பாத்தால், வந்தவருக்குத் தேத்தண்ணி போடுறார்! வீட்டுக்கு ஆர் வந்தாலும் அம்மா அதைத்தானே செய்யிறவ. சீனி எத்தனை கரண்டி எண்டு கேட்டு, பிஸ்கட்டும் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அந்தாள் "தாங்ஸ் மேற்" எண்டு வாங்கிக் குடிச்சுது. மணிக்கூட்டை நிப்பாட்டேல்லை.

முடிவு வந்திட்டுது. மணித்தியாலத்துக்கு நாலு டொலர் சொச்சம். நான் கிளென் வேவர்லிக் கடையில பாதி நேரம் போன் நோண்டுறன், எனக்கு முழுச் சம்பளம். என்னை ஒருத்தரும் அளக்கேல்லை. அண்ணாவுக்கு டவுன் சின்ட்ரோம் எண்டதுக்காக மட்டும் ஏன் அளக்கோணும்? இந்த அளக்கிறதையே நிப்பாட்டச் சொல்லிக் கனபேர் கேக்கினம். எங்கட வீட்டில வாயே திறக்கேலாது.

அளந்ததைத் திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேப்பம் எண்டன். அப்பா கத்தினார்: "யூனிப் படிப்பை விட்டிட்டு நிக்கிற நீ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ? கூடச் சம்பளம் குடுக்கேலாதெண்டு அவங்கள் இடத்தை மூடினால் இவன் எங்கயடா போறது?" சமைச்சுக்கொண்டு நிண்ட அம்மா குசினிக் கதவைச் சாத்திப்போட்டா.

அப்பா சொல்லுறதும் பொய்யில்லை. காலமை பஸ்ஸுக்கு அண்ணா ஓடுற ஓட்டத்தை நீ பாக்கேல்லை. நீ சிட்னிக்குப் போனாப் பிறகுதானே அந்த வேலை கிடைச்சது.

எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேப்பமோ எண்டு அண்ணாவையே கேட்டன். முப்பத்தொரு வயசு, இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. இடம் மூடினாலும் மூடும் எண்டதையும் மறைக்காமல் சொன்னன். ஓம் எண்டு தலையாட்டினார். பிறகு, "ஜெனிக்கும் சேத்துக் கேளடா" எண்டார். ஜெனி பக்கத்து மேசையில ஒட்டுறவள். விண்ணப்பத்தில அண்ணா தானே கையெழுத்து வைச்சார். நேற்று அனுப்பிட்டன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என்ர வாயால வந்தால் நான் ஏத்திவிட்டதெண்டுதான் நினைப்பார். நீ இந்தக் கடிதம் கிடைச்ச உடனே அவருக்குப் போன் எடுத்துச் சொல்லு. அண்ணா ஓம் எண்டவர் எண்டு முதல் சொல்லு, மற்றதெல்லாம் பிறகு.

உனக்கும் அத்தானுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. அப்பாவோட மெதுவாய்க் கதை அக்கா, அவர் நித்திரை கொள்ளுறேல்லை.

உன்ர தம்பி
யதுஷன்