வெதுவெதுப்பான கடல்

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே கடல் வெந்நீர் கலந்தது போல வெதுவெதுப்பாக இருக்கிறது. மிதக்கிறோம், கரையேறித் தூங்குகிறோம், எழுந்து மறுபடி மிதக்கிறோம்.

உன் மாமாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, எனக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, வாசலில் சாவியை மாற்றிக்கொள்ளும் இரண்டு பேராகத்தான் இருந்தோம். போதும் என்று அவரிடம் சொல்லிவிடத்தான் இந்த விடுமுறைக்கே சம்மதித்தேன்.

நேற்று மதியம் தண்ணீரில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்."

அவர் கண்ணைத் திறக்காமல் மிதந்துகொண்டிருந்தார். "உன்னைப் போகச் சொல்லத்தான் நானும் இங்க கூட்டிட்டு வந்தேன். ஆனா நீ தூங்கி நான் பாத்ததே இல்ல. இங்க வந்து அதைப் பாத்துக்கிட்டே இருந்ததுல, சொல்ல மறந்துட்டேன்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு அலை வந்து இரண்டு பேரையும் புரட்டிவிட்டது.

பகல் வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். கிடைக்குமோ என்னவோ. எனக்காக அறையை ஒழிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால், அக்கா கடலில் இருக்கிறாள் என்று சொல்.

உன் அக்கா